தூர தேசத்துச் சட்டமும் எங்கள் சேமிப்பும்

பொங்கல் கழிந்த கிழமை, கிளிநொச்சி மாவட்டத்தின் ஒரு கிராமத்தில் மாதர் சேமிப்புக் குழுவின் கூட்டம் முன்பள்ளிக் கட்டடத்தில் நடைபெற்றது. கணக்குப் புத்தகங்களைப் பார்த்து முடித்து எல்லோரும் எழுந்து போன பின்பும் ஒரு அக்கா மட்டும் போகவில்லை. பாய்களைச் சுருட்டிச் சுவரோடு சாத்தினார். பிறகு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தங்கச்சி, உங்களிட்ட ஒண்டு கேக்கவேணும். லண்டனில இருக்கிற என்ர தம்பி கோல் எடுத்தவன். அங்க இன்ரநெற்றில சூது நடத்திற கம்பனியளின்ர பங்கு இப்ப சரியான மலிவாம். அரசாங்கம் வரியைக் கூட்டினதால விலை விழுந்திட்டுதாம். இப்ப வாங்கி வைச்சால் ரெண்டு வருசத்தில ரெண்டு மடங்காகுமாம். என்னட்டை இருக்கிற காசை அனுப்பச் சொல்லுறான். அனுப்பட்டே?"

அந்த அக்காவிடம் இருப்பது 8 இலட்சம் ரூபா. 2009இல் கணவரை இழந்த பின், இரண்டு பசுக்களோடு தொடங்கி, பால் விற்றும் தையல் தைத்தும் சேர்த்த காசு. மகளின் படிப்புக்கென்று வங்கியில் கிடக்கின்றது. தம்பியும் சும்மா ஆளல்ல. வீட்டுக் கூரை போட்டதும் மகளின் கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்வித்ததும் அவர் அனுப்பிய காசில்தான். அப்படிப்பட்ட தம்பி சொல்லும்போது மறுப்பது எப்படி?

நான் சமூகவியல் படித்தவள். பங்குச் சந்தை படித்தவளல்ல. "ஒரு கிழமை தாங்கோ அக்கா, விசாரிச்சுப்போட்டுச் சொல்லுறன்" என்றேன். ஆனால் அவர் அந்தப் பங்குகளைப் பற்றிச் சொன்ன உடனேயே என் மனம் 2006ஆம் ஆண்டுக்குப் போய்விட்டது.

எங்கள் வீட்டில் நடந்தது

2002இல் சமாதானம் வந்து ஏ-9 பாதை திறந்த பின் யாழ்ப்பாணத்தில் காணி விலைகள் ஏறின. 2005இல் அம்மா தனது சீதனக் காணியில் ஒரு துண்டை விற்றார். என் அக்காவின் கலியாணத்துக்கென்று வைத்த காசு அது. ஊரில் வைத்திருக்கப் பயம். எப்போது சண்டை தொடங்கும், எப்போது ஓடவேண்டி வரும் என்று தெரியாத காலம். லண்டனில் இருந்த மாமாவிடம் அனுப்பினோம். "அக்கா, இது உங்கடை காசு. என்னட்டைப் பத்திரமா இருக்கும்" என்றார் மாமா. மனதாரத்தான் சொன்னார்.

2006 ஓகஸ்டில் முகமாலையில் சண்டை மூண்டது. ஏ-9 பாதை மூடப்பட்டது. குடாநாட்டில் அரிசிக்கும் சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை. நான் அப்போது பாடசாலை மாணவி. அந்த ஒக்டோபரிலிருந்து மாமாவின் தொலைபேசி அழைப்புகள் குறைந்தன. காசைப் பற்றிக் கேட்டால் வேறு கதை கதைப்பார். யுத்தத்தால்தான் எல்லாம் குழம்பிக் கிடக்கின்றது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

2010இல் மாமா ஊருக்கு வந்தபோதுதான் உண்மை தெரிந்தது. குசினியில், அம்மாவுக்கு முன்னால் பலகையில் இருந்துகொண்டு சொன்னார். லண்டன் பங்குச் சந்தையில் இருந்த ஓர் இணையச் சூதாட்டக் கம்பனியில் அந்தக் காசைப் போட்டிருக்கின்றார். கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் வாங்கினார்களாம். ஒரே நாளில் பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சமும் போய்விடும் என்ற பயத்தில் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டார்.

அம்மா கத்தவில்லை. "நீ களவெடுக்கேல்லையடா. ஆனா எங்களைக் கேக்காமல் செய்துபோட்டாய்" என்று மட்டும் சொன்னார்.

அக்காவின் கலியாணம் ஏழு வருடங்கள் பிந்தி நடந்தது. அந்த ஏழு வருடங்களில் ஊராரின் எத்தனை கேள்விகளுக்கு அவர் முகம் கொடுத்தார் என்பதை அருகில் இருந்து பார்த்தவள் நான்.

லண்டனில் நடந்தது என்ன?

கிளிநொச்சி அக்காவுக்குப் பதில் சொல்வதற்காக அந்த 2006ஆம் ஆண்டைப் பற்றித் தேடி வாசித்தேன். மாமா வாங்கியது எந்தக் கம்பனியின் பங்கு என்பது இங்கு முக்கியமில்லை. அன்று அந்த வகைக் கம்பனிகள் பல ஒன்றாகவே விழுந்தன. அவற்றுள் மிகப் பெரியதின் வரலாறு எல்லோரும் அறிந்தது. அதைச் சொன்னால் விடயம் விளங்கும்.

அதன் பெயர் பார்ட்டிகேமிங். தலைமையகம் ஸ்பெயினின் தெற்கு முனையில் உள்ள, பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட ஜிப்ரால்டரில். கணனி வழியாகப் போக்கர் என்னும் சீட்டு விளையாட்டை நடத்தியது. எங்கள் ஊர்த் திண்ணைகளில் 304 விளையாடினால் ஒருவர் தோற்பது மற்றவருக்குப் போகும். நடுவில் யாரும் எடுப்பதில்லை. இங்கேயோ, யார் வென்றாலும் யார் தோற்றாலும், பந்தயக் காசில் ஒரு சிறு பங்கைக் கம்பனி எடுத்துக்கொள்ளும். அந்தச் சிறு பங்குகள் சேர்ந்து 2004ஆம் ஆண்டில் சுமார் 600 மில்லியன் டொலர் வருமானமாகின.

2005 ஜூனில் அக்கம்பனி லண்டன் பங்குச் சந்தைக்கு வந்தது. ஒரு பங்கின் விலை 116 பென்ஸ். கம்பனியின் மொத்தப் பெறுமதி 4.6 பில்லியன் பவுணுக்கு மேல். சில மாதங்களிலேயே பிரித்தானியாவின் 100 பெரிய கம்பனிகளின் பட்டியலில் இடம்பிடித்தது.

இதில் இரண்டு விடயங்களை நாம் கவனிக்க வேண்டும். முதலாவது, அதன் வருமானத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் அமெரிக்காவில் இருந்து விளையாடியவர்களிடமிருந்தே வந்தது. ஆனால் இணையச் சூதாட்டம் சட்டவிரோதம் என்பதே அமெரிக்க நீதித் திணைக்களத்தின் நிலைப்பாடு. இந்த ஆபத்து மறைக்கப்படவில்லை. பங்கு விற்பனைக்காகக் கம்பனி வெளியிட்ட ஆவணத்திலேயே அச்சிடப்பட்டிருந்தது. இரண்டாவது, அன்று விற்கப்பட்டவை கம்பனியை ஆரம்பித்தவர்களும் முன்னைய உடைமையாளர்களும் வைத்திருந்த பங்குகள். உள்ளே இருந்தவர்கள் தமது பங்கில் ஒரு பகுதியைக் காசாக்கிக்கொண்டார்கள். வெளியில் இருந்தவர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள்.

2006 செப்டெம்பர் இறுதியில் அமெரிக்கக் காங்கிரஸ் விடுமுறைக்குக் கலைவதற்கு முன், துறைமுகப் பாதுகாப்புப் பற்றிய ஒரு சட்டமூலத்தை நிறைவேற்றியது. அதன் பின்னால் வேறொரு பகுதி இணைக்கப்பட்டிருந்தது. சட்டவிரோத இணையச் சூதாட்டத்துக்கு வங்கிகளும் கடனட்டைக் கம்பனிகளும் பணம் கடத்தக் கூடாது என்பதே அது. விளையாடுபவரைப் பிடிப்பதல்ல நோக்கம். பணம் போகும் வழியை அடைப்பது.

அது ஒரு வார இறுதி. திங்கட்கிழமை, ஒக்டோபர் 2ஆம் திகதி, சந்தை திறந்தபோது பார்ட்டிகேமிங் பங்கின் விலை சரிந்தது. அன்று மாலை அது ஏறத்தாழ 58 சதவீதம் விழுந்து 45 பென்ஸ் அளவில் நின்றது. ஆரம்ப விலையில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு வாங்கிய ஒருவரிடம் அன்று மாலை இருந்தது சுமார் 39 ஆயிரம் ரூபா. ஒக்டோபர் 13இல் ஜனாதிபதி புஷ் அச்சட்டத்தில் கையொப்பமிட்டார். கம்பனி அமெரிக்க விளையாட்டாளர்களிடம் பணம் வாங்குவதை நிறுத்தியது.

இதற்கு முன்னரே அறிகுறிகள் இருந்தன. அந்த ஜூலையில் பெட்ஒன்ஸ்போர்ட்ஸ் என்னும் வேறொரு கம்பனியின் தலைவர், கொஸ்தாரிக்கா செல்லும் வழியில் அமெரிக்காவின் டலஸ் விமான நிலையத்தில் கைதுசெய்யப்பட்டார். அக்கம்பனி பின்னர் எழும்பவே இல்லை.

மாமா அந்தச் செய்திகளைக் கண்டாரா என்று எனக்குத் தெரியாது. இரண்டு வேலை செய்து, இரவில் வீடு திரும்பும் ஒருவர் எத்தனை பத்திரிகை வாசிக்க முடியும்? வொஷிங்டனில் உள்ளவர்கள் கை உயர்த்தினார்கள். அதில் யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்ணின் சீதனக் காணி போனது. அவர்களுக்கு எங்களைத் தெரியாது. எங்களுக்கும் அவர்களைத் தெரியாது.

சட்டம் ஒரு பக்கமாக மட்டும் மாறுவதில்லை

சட்டம் இறுகுவது போலத் தளரவும் செய்யும். 2018 மே மாதத்தில் அமெரிக்க உயர் நீதிமன்றம், விளையாட்டுப் பந்தயங்களை மாநிலங்கள் அனுமதிப்பதற்கு இருந்த தடையை நீக்கியது. அதன் பின் மாநிலம் மாநிலமாகக் கதவு திறந்தது. பார்ட்டிகேமிங் அதற்குள் வேறு கம்பனியோடு இணைந்து, பின் கைமாறி, இன்று என்டெயின் என்னும் கம்பனிக்குள் இருக்கின்றது. அக்கம்பனி அமெரிக்காவில் பெரும் பங்காளியாகத் திரும்பவும் காலூன்றியது. ஆனால் 2006இல் பயந்து விற்றவர்களுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. பன்னிரண்டு வருடங்கள் காத்திருக்கக் கூடிய காசு பெரும் பணக்காரர்களிடமே இருக்கும். பிள்ளையின் படிப்புக்கு வைத்த காசு காத்திருக்காது.

அதே என்டெயின், தான் முன்னர் வைத்திருந்த துருக்கி வியாபாரம் தொடர்பான விசாரணையை முடிப்பதற்கு 2023இல் 585 மில்லியன் பவுண் செலுத்த உடன்பட்டது. கைவிட்டுப் போன வியாபாரத்துக்கும் பல வருடங்களின் பின் பொறுப்புக் கூற வேண்டி வரும்.

பிரித்தானியாவில் இப்போது நடப்பதுதான் அக்காவின் தம்பி சொன்ன வரி. இணையக் கசினோ வகை விளையாட்டுகளுக்கான வரியை 21 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக, 2026 ஏப்ரல் முதல் உயர்த்துவதாக 2025 நவம்பர் 26ஆம் திகதி வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். தம்பி சொன்னது பொய்யல்ல. விலை விழுந்தது ஏன் என்று சொன்னார். இனியும் விழாது என்பதற்கு அவரிடம் என்ன உறுதி இருக்கின்றது என்பதைத்தான் சொல்லவில்லை.

அயலில் இந்தியாவைப் பாருங்கள். தமிழ்நாட்டில் இணைய ரம்மியில் காசை இழந்து தற்கொலை செய்தவர்களின் செய்திகளை நாம் தொலைக்காட்சியில் பார்த்திருக்கின்றோம். 2021 பெப்ரவரியில் அங்கே தடைச் சட்டம் வந்தது. ஓகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை இரத்துச் செய்தது. முன்னாள் நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து ஆராய்ந்த பின், 2023 ஏப்ரலில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்த நவம்பரில் ரம்மிக்கும் போக்கருக்கும் அச்சட்டத்தில் இருந்த தடையை நீதிமன்றம் நீக்கியது. 2025 பெப்ரவரியில் நள்ளிரவு 12 மணி முதல் அதிகாலை 5 மணி வரை விளையாட முடியாது என்று விதி வந்தது.

பின்னர் 2025 ஓகஸ்டில், பணம் வைத்து விளையாடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடைசெய்யும் சட்டமூலத்தை இந்திய மத்திய அரசு கொண்டுவந்தது. 20ஆம் திகதி மக்களவை, 21ஆம் திகதி மாநிலங்களவை, 22ஆம் திகதி ஜனாதிபதியின் ஒப்புதல். மூன்றே நாட்கள். இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் பெயர் பொறித்திருந்த ட்ரீம்11 தனது பணப் போட்டிகளை நிறுத்தியது. போக்கர் நடத்தும் கம்பனியொன்றில் பங்கு வைத்திருந்த நசாரா என்னும் கம்பனியின் பங்கு விலை, முதல் நாளிலேயே பத்தில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது.

ஏன் இப்படி மாறுகின்றது?

ஒரு சமூகவியல் மாணவியாக நான் விளங்கிக்கொண்டது இதுதான். பால் பண்ணைக்கோ நெசவுச் சாலைக்கோ பொருள் விற்றால் வருமானம். சூதாட்டக் கம்பனியின் வருமானம் என்பது விளையாடுபவர்கள் இழந்த காசு. அவர்கள் கூடுதலாக இழந்தால்தான் கம்பனிக்குக் கூடுதல் இலாபம். பங்குக்காரருக்கும் கூடுதல் இலாபம். ஆனால் இழப்பு அளவு மீறிப் போனால் வீடுகள் உடையும், தாய்மார் தெருவுக்கு வருவார்கள், பத்திரிகைகள் எழுதும், அரசாங்கம் சட்டத்தை இறுக்கும். திறைசேரி வெறுமையானால் அதே அரசாங்கம் அனுமதிப்பத்திரம் கொடுத்து வரி கேட்கும். ஆகவே இந்த வியாபாரம் நன்றாக நடப்பதே இதற்கு ஆபத்தாகவும் முடியும்.

எங்கள் நாட்டிலும் மாற்றம் வந்துள்ளது. குதிரைப் பந்தயம், சூதாட்டம், கசினோ ஆகியவற்றுக்கு இருந்த பழைய சட்டங்களுக்குப் பதிலாக, சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை ஒன்றை அமைக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் 2025இல் நிறைவேற்றியது. இணையவழிச் சூதாட்டமும் அதற்குள் வருகின்றது. "இனி இது சட்டபூர்வமானது, பயப்படாமல் காசு போடலாம்" என்று யாராவது உங்களிடம் சொல்லக் கூடும். அனுமதிப்பத்திரம் என்பது கம்பனிக்கு வியாபாரம் நடத்தக் கொடுக்கும் அனுமதி. காசு போட்டவருக்கு அது பிணையல்ல.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

ஒரு கிழமையின் பின் அந்த அக்காவிடம் போனேன். "போடாதேங்கோ" என்று நான் சொல்லவில்லை. காசு அவருடையது, முடிவும் அவருடையது. ஐந்து கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். சகோதரிகளே, எந்த முதலீட்டுக்கும் இவை பொருந்தும்.

1. இந்தக் கம்பனிக்குக் காசு எங்கேயிருந்து வருகின்றது? யார் கொடுக்கின்றார்கள், எதற்காகக் கொடுக்கின்றார்கள் என்று ஒரு வசனத்தில் சொல்ல முடியாவிட்டால் அதில் போட வேண்டாம்.

2. எந்த நாட்டுச் சட்டம் மாறினால் இது நின்றுபோகும்? அந்த மாற்றத்தை நாம் முன்கூட்டி அறிய வழியுண்டா?

3. இப்போது விற்பவர் யார்? நல்ல பொருளென்றால் அவர் ஏன் விற்கின்றார்?

4. பங்கு யாருடைய பெயரில் இருக்கும்? தம்பியின் பெயரில் வாங்கினால் அது சட்டப்படி தம்பியின் சொத்து. அவருக்கு ஏதும் நடந்தால் நீங்கள் கேட்கப் போவது யாரிடம்? உண்டியலில் அனுப்பிய காசுக்கு ஒரு துண்டுக் கடதாசியும் கையில் இராது. வெளிநாட்டில் முதலிடுவதற்கு வெளிநாட்டுச் செலாவணிச் சட்டமும் மத்திய வங்கியின் விதிகளும் உண்டு. முதலில் உங்கள் வங்கியில் கேளுங்கள்.

5. இந்தக் காசு முழுவதும் போனால் வீட்டில் என்ன நிற்கும்? 100 ரூபா 42 ரூபாவாகிவிட்டால், திரும்ப 100 ஆவதற்கு அது இரண்டு மடங்குக்கும் மேல் வளரவேண்டும். அதுவரை வீட்டில் எது காத்திருக்கும், எது காத்திருக்காது?

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்றையும் சொன்னேன். மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் உள்ள வைப்புகளுக்கு, ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை, 2021ஆம் ஆண்டு முதல் வைப்புக் காப்புறுதி உண்டு. வட்டி குறைவுதான். ஆனால் எங்கோ ஒரு நாட்டில் கை உயர்த்துவதால் அது ஒரு நாளில் பாதியாகாது.

அந்த அக்கா என்ன செய்தார்?

மிகக் கடினமானது கணக்கல்ல, தம்பியிடம் கேட்பதுதான். வெளிநாட்டில் கஷ்டப்பட்டு எங்களைத் தாங்கும் உறவுகளிடம் கேள்வி கேட்பது நன்றி மறத்தல் என்று எங்களுக்குப் பழக்கப்பட்டுவிட்டது. என் அம்மாவும் அப்படித்தான் இருந்தார். 2005இல் காசை அனுப்பியபோது, "அதை எங்கை வைக்கப்போறாய் தம்பி?" என்று அவர் ஒருமுறை கேட்டிருந்தால் மாமாவும் யோசித்திருப்பார். கேட்பது சந்தேகப்படுவதல்ல. அவரும் ஏமாந்து போகாமல் காப்பதும் அதில் இருக்கின்றது.

அக்கா என்னை அருகில் இருக்கச் சொல்லிவிட்டு வட்ஸ்அப்பில் தம்பியை அழைத்தார். கடதாசியைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தார். நாலாவது கேள்வி வரும்போது மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"நான் அதை யோசிக்கேல்லை அக்கா" என்றார் தம்பி.

"பரவாயில்லையடா. நீ உழைச்ச காசு, நீ வாங்கிறதெண்டால் வாங்கு. உன்ர மனுசியிட்டயும் கேட்டுப்போட்டு வாங்கு. பிள்ளையின்ர படிப்புக் காசு இஞ்சயே இருக்கட்டும்."

தம்பி கோபிக்கவில்லை. மகள் எந்தப் பாடநெறிக்கு விண்ணப்பித்தாள் என்று கேட்டார். அதன் பின் அரைமணி நேரம் அவர்கள் அதைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காவின் காசில் 6 இலட்சம் நிலையான வைப்பில் இருக்கின்றது. மிச்சத்தில் மாட்டுக் கொட்டிலுக்குச் சீமெந்துத் தரை போட்டார். ஒரு கறவைப் பசுவும் வாங்கினார். தம்பி பங்கு வாங்கினாரா, அதன் விலை ஏறியதா இறங்கியதா என்று நான் விசாரிக்கவில்லை. அக்காவும் விசாரிக்கவில்லையாம்.

அந்த ஐந்து கேள்விகளும் இப்போது முன்பள்ளிக் கட்டடத்தின் சுவரில், கணக்கு அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கின்றன. போன கூட்டத்தில் வேறொரு சகோதரி, கைத்தொலைபேசிக்கு வந்த ஒரு "முதலீட்டு" விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டினார். முதலாவது கேள்வியிலேயே அது நின்றுவிட்டது. உங்கள் குழுவிலும் இவற்றை வாசித்துக் கதையுங்கள்.